மலை போல் கார், யாருக்குச் சலுகை?

1994ல் வந்த டாட்டா சுமோவைச் சினிமாக்காரர்கள் ரௌடிக்கு வாகனமாக்கினார்கள். 2004ல் வந்த 'கில்லி'யின் மதுரை முத்துப்பாண்டியை மறந்தவர் உண்டா? வில்லன் ஏறி வந்த அந்த ஜாதி வண்டிதான் இன்று நம் புறநகர்ப் புதுமனைகளின் கௌரவச் சின்னம்! மாசி வீதியில் அது நுழைந்தால் சைக்கிள்காரர் சாக்கடையோரம் ஒதுங்கவேண்டும்.

இந்தக் கௌரவத்துக்கு ஜி.எஸ்.டி. கவுன்சிலும் கைகொடுத்திருக்கிறது. 1,500 சிசிக்கு மேற்பட்ட, நான்கு மீட்டருக்கு மேல் நீண்ட இந்த உயர வண்டிகளுக்குச் செஸ்ஸோடு 50 சதவீத வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. தொழிலாளி வாங்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 28 போய் 18 ஆயிற்று. இருவருக்கும் பத்து, பார்வைக்குச் சமநீதிதான்!

கணக்குப் போடுங்கள் தோழர்களே! அடக்கவிலை 80,000 ரூபாய் என்றால் வரியில் மிச்சம் 8,000. 30 லட்சம் என்றால் 3 லட்சம். பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் படியில் தொங்குகிறவனுக்கு இதில் என்ன பங்கு? நாம் கேட்கிறோம்.