பேரை விடுங்கள், கண்டதைச் சொல்லுங்கள்!



தோட்டத்தை விட்டு ஜெலுத்தோங்கில் குடியேறிய ஓர் அம்மா, மகளை என்னிடம் கூட்டி வந்தார். முதுகில் வெளுத்த திட்டுகள். "குஷ்டமுங்களா ஐயா?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஆறு மாதமாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் தேமல்! மலாய்க்காரர் 'பானாவ்' என்பது. அது பூஞ்சை, பூசு மருந்தில் அடங்கும். தோல் நிறம் திரும்பத்தான் சில மாதம் ஆகும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஜெலுத்தோங்குக்குத் தெற்கே கடலில் இருக்கும் ஜெரஜாக் தீவில்தான் ஒரு காலத்தில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்தார்கள். 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறந்தது. அந்தப் பயம் பாட்டன் காலத்திலிருந்து நம்ம வாயிலே இருக்கிறது.

வெண்புள்ளிக்கு 'வெண்குஷ்டம்' என்று பேர் வைத்தது இன்னொரு பாவம். அது ஒட்டுநோயே இல்லை. தொழுநோய்க்கும் அதுக்கும் உறவே கிடையாது. ஒரு தப்பான பேரால் பெண்பிள்ளைகளின் கல்யாணம் நிற்கலாமா?

ஆகவே நோய்க்கு நீங்களே பேர் வைக்காதீங்க. கண்டதை மட்டும் சொல்லுங்க. திட்டு தட்டையா, தடிப்பா? நீர்க்கொப்புளமா, சீழா? செதில் உதிருதா? அரிக்குதா? எப்போதிலிருந்து? நகம் என்றால், மஞ்சளாகித் தடித்துப் பொடியுதா? அது பூஞ்சையாக இருக்கலாம். ஓரம் வீங்கி வலிக்குதா? அது நகச்சுற்று, எந்நேரமும் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு அடிக்கடி வரும். நகம் கரண்டி போலக் குழிந்திருக்குதா? இரத்தச் சோகை உண்டா என்று பார்க்கணும்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேல் பஞ்சு முனையால் தொட்டுப் பாருங்க. தொட்டது தெரியவில்லை என்றால் உடனே கிளினிக்குக்குப் போங்க. தொழுநோயாகவே இருந்தாலும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இருக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுவதும் சீக்கிரம் நின்றுவிடும். ஒளித்து வைத்தால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும்.

தீவுக்கு அனுப்பிய காலம் போய்விட்டது தோழர்களே. நம்ம வாயால் இன்னொரு தீவை உண்டாக்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் தோலைப் பார்த்து 'குஷ்டம்' என்று சொல்லுமுன் நாக்கை அடக்குவோம். கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம்.