சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்!

"காரில் உங்க நிலையம் ஒரே கரகரன்னு கேட்குது" என்று நேயர்கள் அடிக்கடி குறைப்படுவார்கள். "கைப்பேசி சார்ஜரைக் கழற்றிப் பார்த்தீங்களா, அண்ணே?" என்பதுதான் என் முதல் கேள்வி. பல நேரங்களில் இரைச்சல் அங்கேயே நின்றுவிடும்.

காரில் இது வெறும் எரிச்சல். சிறு விமானத்தில் அப்படியல்ல. பத்து பெரெண்டாம் விமான நிலையத்திலிருந்து மலாக்கா வானில் வட்டமிடும் பயிற்சி விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். விமானியாகும் கனவு நம் பிள்ளைகளுக்கும் உண்டு. அதனால் இதைத் தெரிந்து வைப்பது நல்லது.

பண்பலை வானொலி 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அங்கிருந்து 118 வரை விமானத்துக்கு வழிகாட்டும் அலைகள். தோட்டத்து லயத்து வீடுகள் மாதிரி இரண்டுக்கும் ஒரே சுவர்தான். ஜிபிஎஸ் இன்னும் பாவம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அதன் அலை, நம்மை அடையும்போது மிகமிக மெலிந்திருக்கும். மலிவான சார்ஜரோ 12 அல்லது 24 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க, நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டுதான் இரைச்சலாகக் கசிகிறது.

கண்டுபிடிப்பது எப்படி? விமானம் தரையில் நிற்கும்போதே தேட வேண்டும். ஜிபிஎஸ் திரையில் செயற்கைக்கோள் அலைவலிமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் பயணிகள் கொண்டுவந்த கைப்பேசி, டேப்லெட், சார்ஜர் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பிறகு விமானத்தின் கருவிகளை ஒவ்வொன்றாக. எதை அணைத்ததும் அலை ஏறுகிறதோ, அதுதான் குற்றவாளி. இயந்திர வேகத்தோடு இரைச்சலின் சுருதியும் மாறினால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். பேசும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஜிபிஎஸ் மறைகிறதா? 131.25-ஐ 12-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1575. ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42! இப்படியும் ஒரு தொல்லை உண்டு.

சார்ஜர் என்றால் வீட்டில் விட்டுவிடலாம். பூமி இணைப்பு, ஆன்டெனா வயர் என்றால் உரிமம் பெற்ற பொறியாளர்தான் கைவைக்க வேண்டும்.

2003 ஜூன் 6-ஆம் தேதி, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே 10 பேருடன் தரையிறங்க வந்த சிறு விமானம் விழுந்து 8 பேர் மாண்டனர். கடைசி நிமிடங்களில் விமானியின் கைப்பேசி இணைப்பில் இருந்தது. அது இறங்குபாதை காட்டும் கருவியைக் குழப்பியிருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 'இல்லை' என்றும் ஒதுக்க முடியவில்லை. அந்தச் சந்தேகத்துக்கே இடம் வேண்டாமே!

அடுத்த முறை விமானத்தில் "கைப்பேசியை அணையுங்கள்" என்றால், பக்கத்து இருக்கை மாமாவுக்கும் அன்பாக நினைவுபடுத்துங்கள்.