மூழ்கும் மோட்டார்! கருகினால் யார் பொறுப்பு?

மதுரைச் சீமையில் கடல் இல்லை. முத்துக் குளிப்பவரும் இல்லை. ஆனாலும் மேலூரிலிருந்து பேரையூர் வரை, நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்து வேலை செய்யும் ஆள் ஒருவன் இருக்கிறான். அவன்தான் "சப்மெர்சிபிள்" என்று ஊரார் சொல்லும் நீர்மூழ்கி மோட்டார்!

இவனுடைய மூதாதை பிறந்தது தண்ணீருக்காக அல்ல, எண்ணெய்க்காக. ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன அருட்டுனோவ் என்ற என்ஜினீயர், 1920களில் எண்ணெய்க் கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கிக் காட்டினார். இன்று அந்தச் சாதி மோட்டார் இல்லாமல் மதுரை விவசாயம் இல்லை.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்தால் ஓரளவு சமாளிக்கலாம். உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்தில் அந்த வசதி குறைவு. அங்கே மல்லிகைக்கும் தென்னைக்கும் போர்தான் கதி. மோட்டார் நின்றால் தோட்டம் காய்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டார் இலவசம் அல்ல!

வாங்கி எட்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினால் "உர்" என்று ஒரு சத்தம். உடனே பியூஸ் போகிறது. "காயில் எரிந்துவிட்டது" என்கிறார் மெக்கானிக். விவசாயி பெட்டியைத் திறந்து கார்டைத் தேடி எடுக்கிறார். ஓராண்டு வாரண்டி என்று அச்சடித்திருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிறார்.

தகராறு அங்கேதான் ஆரம்பமாகிறது.

சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது?

ஓராண்டு என்பது பெரிய எழுத்தில். மற்ற சங்கதிகள் சின்ன எழுத்தில். பெரும்பாலான கார்டுகளில் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே உத்தரவாதம். வோல்டேஜ் குறைந்தது, பேஸ் போனது, தண்ணீர் இல்லாமல் ஓடியது, மணல் ஏறியது எதுவும் இதில் சேராது. மோட்டாரை மேலே தூக்கி மறுபடி இறக்கும் கூலியும் சேராது. வெளி ஆள் பிரித்தால் எல்லாமே ரத்து!

இந்த நிபந்தனைகள் அத்தனையும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. மேலே இருக்கும் மோட்டாருக்குக் காற்று குளிர்ச்சி தருகிறது. இதற்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. பல மோட்டார்களில் உள்ளேயும் நல்ல தண்ணீரை நிரப்பித்தான் இறக்குவார்கள். பேரிங்குக்கு எண்ணெயும் அதுவே. கோடையில் போரில் தண்ணீர் இறங்கி, மோட்டார் வெறுமனே சுற்றினால் சூடு போக வழி ஏது? வோல்டேஜ் குறைந்தாலும் ஆபத்துதான். அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிக ஆம்பியர் வாங்குகிறது, காயில் கொதிக்கிறது. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் கேட்கவே வேண்டாம். பாதுகாப்புக் கருவி இல்லாத ஸ்டார்ட்டர் என்றால் சற்று நேரத்தில் புகைதான். இதற்கெல்லாம் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?

சரி. ஆனால் இவற்றில் எது நடந்தது என்று யார் சொல்வது?

சாட்சி சொல்லும் காயில்

கருகிய காயிலே சொல்லும்! அதில் ஒரு பகுதி கருகி, மற்றது புதுக்கருக்கு அழியாமல் இருந்தால், பேஸ் போயிருக்கிறது என்று அனுபவமுள்ள மெக்கானிக் கண்டுகொள்வார். முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால், வோல்டேஜோ அதிக பாரமோ காரணமாக இருக்கலாம். ஓர் இடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் எரிந்திருந்தால், கம்பியின் மேலுறை அங்கே பழுதா, தயாரிப்பில் குறையா என்று கேட்க இடம் உண்டு.

இந்தச் சாட்சியை முதலில் விசாரிப்பவர் யார் என்பதுதான் விஷயம். மோட்டார் சர்வீஸ் சென்டருக்குப் போனால், விவசாயி இல்லாத நேரத்தில் அதைப் பிரிக்கிறார்கள். "லோ வோல்டேஜ்" என்று ஒரு வரி பதில் வருகிறது. உள்ளூர் மெக்கானிக் பிரித்தாலோ, "எங்களைக் கேட்காமல் ஏன் பிரித்தீர்கள்?" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? சித்திரை வெயிலில் பூச்செடி பத்து நாள் பொறுக்காது. உள்ளூர்ப் பட்டறையில் ஓரிரு நாளில் காயில் கட்டித் தந்துவிடுகிறார்கள். பழைய செம்புக் கம்பி எடைக்குப் போகிறது. சாட்சியும் அதோடு போய்விடுகிறது!

எவ்வளவு அவசரமானாலும், பிரிக்குமுன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பில்லும், மோட்டாரின் மேல் வெட்டியுள்ள நம்பரும் அதில் இருக்க வேண்டும். "பிரிக்கும்போது நானும் இருப்பேன்" என்று கேட்பதில் தப்பே இல்லை. வாரண்டி கிடையாது என்றால், காரணத்தைக் காகிதத்தில் வாங்க வேண்டும். வேறு வழியில்லாமல் உள்ளூரில் பிரித்தால், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, எரிந்த காயிலை விற்காமல் ஒரு சாக்கில் கட்டி வைப்பது நல்லது. செம்புக்குக் கிடைக்கும் சில்லறையை விட அதற்கு மதிப்பு அதிகம்.

வழக்குப் போடலாமா?

"விவசாயி விளைச்சலை விற்கிறவர், வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது" என்று சிலர் பயமுறுத்துவது உண்டு. விதை வழக்கு ஒன்றில் விதைக் கம்பெனியும் இதைத்தான் வாதாடியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. விவசாயியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பளித்தது.

2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்தது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரருக்கு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், அதைச் சோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சாக்கில் கட்டி வைத்த காயில் அப்போதுதான் பேசும். வழக்குக்கு முன்னால் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து புகாரும் பதியலாம்.

ஆனால் வழக்கு முடிவதற்குள் எத்தனை பூ உதிர்ந்திருக்கும்! பிரித்தாலே வாரண்டி போச்சு என்கிற நிபந்தனையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1975-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டு உபயோகப் பொருளை வெளி ஆளிடம் ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க அங்கே முடியாது. அந்த ரிப்பேரால்தான் பழுது வந்தது என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். நம் நாட்டில் "ரிப்பேர் செய்யும் உரிமை" பற்றி ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகளும் அதன் கவனத்தில் வந்தன. தண்ணீர் பம்பு மோட்டாரும் அவற்றில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24-ல் ஓர் இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தாமாக விவரம் தரலாம். கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் பிறக்கவில்லை.

எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்ற கணக்குக் கையில் இல்லாதபோது, பட்டறைக்காரர் எரிந்த காயிலை வெட்டி எடுத்து, கருகிய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் புதுக் காயிலைக் கட்டுகிறார்.