கழகத்தின் பெயரை மாற்றுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. கழக வட்ஸ்அப் குழுவில் போட்டால் தம்ஸ்அப் மட்டும்தான் வரும், யாரும் வாசிக்க மாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கழகப் பொதுக்கூட்டம். மைதானத்துக்கு மின்விளக்கும் இரண்டு வருடத்துக்கு ஜெர்சியும் தர ஒரு தனவந்தர் முன்வந்திருக்கிறார். பதிலுக்குக் கழகப் பெயருக்கு முன்னால் அவருடைய குடும்பப் பெயர் வர வேண்டும், தலைவர் பதவி அவர் சொல்லும் ஆளுக்குப் போக வேண்டும். அவர் நல்ல மனிதர், நோன்புக் காலத்தில் அவர் செய்வது ஊருக்கே தெரியும். ஆனாலும் நான் இதை எதிர்த்துத்தான் பேசப்போகிறேன். ஏன் என்று சொல்ல ஒரு கதை இருக்கிறது.

தரம் 9 பிள்ளைகளுக்கு ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினேன். நீலமும் கருஞ்சிவப்பும் கலந்த ஜெர்சி. “பார்சா, சேர்!” என்று வகுப்பே கத்தியது. பார்சா இல்லை பிள்ளைகளே, எய்பார்.

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பிரதேசத்தில், மலைகளுக்கிடையே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற ஊர் எய்பார். சனத்தொகை சுமார் 27,000. உள்நாட்டு யுத்தத்தில் 1937இல் குண்டு போட்டு ஊரைச் சிதைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1940இல், ஊரிலிருந்த இரண்டு சிறு கழகங்கள் ஒன்றுசேர்ந்து இந்தக் கழகம் உருவானது. ஆரம்பத்தில் ஜெர்சி வாங்கவும் காசில்லை. உதைபந்தாட்டச் சம்மேளனம் பார்சிலோனா நிறத்தில் கொடுத்ததைப் போட்டு விளையாடினார்கள், அந்த நிறமே நிலைத்துவிட்டது. இனாமாக வாங்கியதில் அவர்களுக்கு வெட்கமில்லை. ஆனால் கொடுத்தவர்களின் பெயரைக் கழகத்துக்கு வைக்கவுமில்லை.

அது துப்பாக்கி செய்யும் ஊர். கழகத்தின் பட்டப்பெயரே ‘ஆயுதம் செய்பவர்கள்’ என்றுதான். 1920இல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் கூட்டுறவாக ஆரம்பித்த அல்ஃபா கம்பனி முதலில் துப்பாக்கி செய்து, 1925இல் தையல் மெஷினுக்கு மாறியது. ஓர்பேயா சைக்கிளும் துப்பாக்கிப் பட்டறையிலிருந்து வந்ததுதான். சேர்ந்து பிழைக்கிற பழக்கம் அவர்களுக்குப் பழையது.

மைதானத்தின் பெயர் இபுருவா, 1947இல் திறந்தது. பக்கத்து மாடிவீட்டு பல்கனியில் நின்றே மேட்ச் பார்க்கலாம். ரசிகர் கூட்டமொன்று தனக்கு ‘வீர ஸ்கொட்லாந்து’ என்று பெயர் வைத்து பேக்பைப் ஊதிக்கொண்டு வரும். (நம்முடைய றபான் கோஷ்டியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கவனிக்க.) ஷாபி அலோன்சோவும் டேவிட் சில்வாவும் இளவயதில் கடனுக்கு வந்து விளையாடிப் பழகிய இடம் இது.

2014இல் எய்பார் முதன்முறையாக லா லீகாவுக்குத் தகுதி பெற்றது. கழகத்துக்கு ஒரு சதமும் கடன் இல்லை. ஆனால் சட்டம், கழகத்தின் மூலதனம் போதாது, ஆகஸ்ட் ஆரம்பத்துக்குள் இன்னும் 17 இலட்சம் யூரோவுக்கு மேல் சேர்க்காவிட்டால் மூன்றாம் பிரிவுக்கு இறக்குவோம் என்றது. கோடிக்கணக்கில் கடன் வைத்திருந்த பெரிய கழகங்களுக்குப் பிரச்சினை இல்லை, கடனில்லாத சின்னக் கழகத்துக்குத் தண்டனை. எனக்கு இன்றும் அந்தச் சட்டம் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பணக்காரரிடம் போயிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். குறைந்தது 50 யூரோ. முக்கியமான விஷயம், யாரும் ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் வாங்க முடியாது என்று வரம்பும் வைத்தார்கள். காசு அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் பெரிய காசுக்குக் கதவைச் சாத்தினார்கள்! ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் பங்கு வாங்கினார்கள். அலோன்சோவும் சில்வாவும்கூடக் குரல் கொடுத்தார்கள். தவணைக்கு முன்பே தொகை சேர்ந்தது.

முதல் மேட்ச் பக்கத்து நகரத்து ரியல் சொசியடாடுடன். 1–0 வெற்றி. அந்தப் பருவத்தின் முடிவில் 18ஆம் இடத்துக்குச் சரிந்து இறங்க வேண்டியவர்கள், கடன் பிரச்சினையால் எல்ச்சே கழகத்தை இறக்கியதால் தப்பினார்கள். கணக்கு ஒழுங்காக இருந்ததற்கு அல்லாஹ் கொடுத்த பரிசு என்று நான் சொல்வேன், நீங்கள் அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். 2018 நவம்பரில் ரியல் மெட்ரிட்டை 3–0க்கு அடித்தார்கள். ஏழு பருவம் நின்று 2021இல் இறங்கினார்கள். இறங்கினார்கள்தான், ஆனால் கழகம் யார் கையிலும் போகவில்லை.

“அது ஐரோப்பா சேர், நம்மட ஆக்களிட்ட எங்க காசு?” என்று கேட்பீர்கள். நம்முடைய மைதானம் எப்படி வந்தது? வாப்பாமார் பள்ளத்துக்கு மாட்டுவண்டியில் மண் அடித்து நிரப்பியது. பெருநாளுக்கு அடுத்த நாள் கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் நடக்கிற மேட்ச்சுக்கு எந்த அனுசரணையாளரும் காசு கொடுத்ததில்லை, தோற்றவர்கள் செலவில்தான் பிரியாணி.

மின்விளக்கு தேவைதான். ஹாஜியார் தந்தால் சந்தோஷமாக வாங்குவோம், விளக்குக் கம்பத்தில் அவர் பெயரைப் பெரிதாகவே எழுதுவோம், துஆவும் செய்வோம். கழகத்தின் பெயரையும் தலைவர் பதவியையும் மட்டும் கேட்கக் கூடாது. இன்று இவர் நல்லவர். நாளை அவர் மகன் தேர்தல் கேட்டால், நம் பிள்ளைகள் அந்த ஜெர்சியோடு எந்த மேடையில் நிற்பார்கள்?

மாதச் சந்தா 300 ரூபா. பொருளாளர் காக்கா போன கிழமை கொப்பியைக் காட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினரில் ஒழுங்காகக் கட்டுவது 11 பேர். இவ்வளவும் எழுதுகிற என் பெயர் அந்த 11இல் இல்லை. ஏழு மாதம் பாக்கி.

வெள்ளிக்கிழமை 2,100 ரூபாவோடு வருகிறேன். கொப்பியை மறக்காமல் கொண்டு வாங்க காக்கா.