விடைபெறும் முன் ஒரு கேள்வி

இடிக்கப்படவிருக்கும் கட்டடத்தை இறுதியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருவது இன்று ஒரு பயண வழக்கமாகவே ஆகிவிட்டது. டோக்கியோவிலுள்ள மெய்ஜி ஜிங்கு பேஸ்பால் அரங்கிற்கு அவ்வாறு வருவோர் பலர். ஆய்வுப் பயணத்தின் இடையே நானும் அங்கு ஒரு மாலை சென்றிருந்தேன். எனினும், விடைபெறுதல் மட்டுமே நம் கடமையா என்ற ஐயம் எனக்கு உண்டு.

1926இல் திறக்கப்பட்ட அரங்கம் அது. 1934இல் அமெரிக்க வீரர் பேப் ரூத் அங்கே ஆடினார். போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் அதைக் கையகப்படுத்தி, 1952 வரை தம்வசம் வைத்திருந்தனர். 1978இல் அதன் புல்மேட்டில் அமர்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாவல் எழுதலாம் என்ற எண்ணம் தமக்கு உதித்ததாக எழுத்தாளர் ஹாருகி முரகாமி கூறியிருக்கிறார். இன்றும் யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி ஓட்டம் எடுத்தால், ரசிகர்கள் சிறு குடைகளை விரித்தாட்டிப் பாடுகின்றனர். அது காட்சிப்பொருள் அன்று. புழக்கத்தில் உள்ள இடம்.

அந்த அரங்கையும் அருகிலுள்ள ரக்பி மைதானத்தையும் இடம் மாற்றிக் கட்டி, உடன் வானுயர் கட்டடங்களையும் எழுப்பும் திட்டத்துக்கு 2023இல் டோக்கியோ பெருநகர நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு மார்ச்சில் மறைந்த இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோ, தம் இறுதி நாட்களில் ஆளுநருக்குக் கடிதம் எழுதி அதை எதிர்த்தார்.

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தையும் புறந்தள்ள இயலாது. அரங்கம் முதுமையடைந்துவிட்டது, ஆட்டங்களை நிறுத்தாமல் அதைப் புதுப்பிப்பது கடினம் என்கின்றனர். நிலத்தின் பெரும்பகுதி மெய்ஜி ஆலயத்துக்குரியது. ஆலயத்தைச் சூழ்ந்த காட்டைப் பேணும் செலவுக்கு, அரங்கம் அமைந்துள்ள வெளித்தோட்டத்தின் வருவாயே பெருந்துணை.

ஆயினும் அதே ஜப்பானில் கோஷியன் அரங்கம் இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட அது ஜிங்குவைவிட இரண்டு ஆண்டுகள் மூத்தது. 2007இல் தொடங்கி, ஆட்டமில்லாத பருவங்களில் பணிகளைப் பகுத்துச் செய்து அதைப் புதுப்பித்தார்கள். ஆட்டமும் நிற்கவில்லை, அரங்கமும் இடம் பெயரவில்லை. ஆகவே முதுமை ஒன்றே இடிப்பதற்குப் போதிய காரணம் ஆகாது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது என்பதைத் திட்டத்தினரே விளக்க வேண்டும்.

படம் எடுத்துக்கொண்டு கண்கலங்கித் திரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கண்ணீர், இடிப்பு முன்பே முடிந்துபோன செய்தி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. கடைசியாகப் பார்க்கச் செல்வோர், இதைச் செப்பனிட வழியே இல்லையா என்று உரக்கக் கேட்டுவிட்டுத் திரும்பட்டும். சுவர்கள் நிற்கும்வரைதான் அந்தக் கேள்விக்குப் பயன் உண்டு.