கொம்பில் செதுக்கிய ஆண்டு

‘1806’ என்று செதுக்கிய மாட்டுக் கொம்பை யாராவது நீட்டி, “வேலூர்க் கோட்டைச் சிப்பாய் வெடிமருந்து வைத்திருந்தது சார்” என்றால், உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள்.

கொம்பில் மருந்து வைத்தது உண்மைதான். ஊறவைத்தோ வேகவைத்தோ உள்ளெலும்பைக் கழற்றினால் வெறும் கூடு மிஞ்சும். அகன்ற வாயைக் கட்டையால் அடைத்து, நுனியில் துளையிட்டு ஒரு முளை செருகினால் போதும். ஈரம் புகாது, உரசினாலும் பொறி பறக்காது. மெல்லிசாகச் சுரண்டிய கொம்பை வெளிச்சத்தில் பிடித்தால், மருந்து எவ்வளவு மிச்சம் என்றுகூடத் தெரியும்.

அமெரிக்காவில் இவற்றைச் சேகரிக்க ஒரு கூட்டமே அலைகிறது. அவர்கள் விலை கொடுப்பது கொம்புக்கு அல்ல, அதன்மேல் உள்ள எழுத்துக்கு. 1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரரோடு நடந்த போரிலும், 1775-இல் பாஸ்டன் முற்றுகையிலும் ஊர்ப்படைக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் துப்பாக்கியையும் கொம்பையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். சொந்தச் சொத்து என்பதால் பெயரைப் பொறித்தார்கள். பாசறையில் பொழுது போகாதபோது கோட்டை, ஆற்றுவழி, தேதி என்று ஊசிமுனையால் கீறிக் கரி தேய்த்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் கதை வேறு. துப்பாக்கி கம்பெனி கொடுத்தது. மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய காகிதத் தோட்டாக்கள் அவன் தோல்பையில் இருந்தன. தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்டுவான். (1857 சிப்பாய்க் கலகத்தில் வினையாகிப்போன கடி இதுதான்.) கொம்புக்கு அங்கே வேலையில்லை. நம் பக்கம் அது திரித்துப்பாக்கிக்காரருக்கும் வேட்டைக்காரருக்கும் உரியது.

1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூரில் வெடித்த கலகத்துக்குக் கொம்பைவிடத் தோலே நெருக்கம். சென்னைப் படைத் தளபதி சர் ஜான் கிரேடாக் காலத்தில் வந்த புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் இருந்தது. நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை வந்தது. இன்று ஆம்பூர், பேரணாம்பட்டில் தோல்தான் சோறு போடுகிறது. அன்று ஒரு துண்டுத் தோல் தலையில் ஏறியதே பொறுக்கவில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1972-இன் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிமான் கொம்பாக இருந்தால் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரும்.

இனி அந்த ‘1806’-ஐ லென்ஸில் பாருங்கள். கையில் புழங்கித் தேய்ந்த எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். பழைய சிராய்ப்புகள் எழுத்தின் மேலேயே ஓடும். மாறாக, எழுத்து சிராய்ப்பை வெட்டிக்கொண்டு போனாலோ, பூச்சி அரித்த பள்ளத்துக்குள் இறங்கி ஏறினாலோ, கொம்பு பழசு, எழுத்து புதுசு.