டிராகன் குகைக்கு வெளியே



விடுமுறை நெருங்குகிறது. நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து, கைபேசிகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க ஆட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது ரோல்பிளேயிங் விளையாட்டுகளைத்தான். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அந்தப் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்களே, அந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் மூத்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் கொண்டுவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, “நான் இப்படிச் செய்கிறேன்” என்பார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும்.

அதன் புகழ் பெரிது என்பதால், இந்த வகை என்றாலே வாளும் மந்திரமும் டிராகனும்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்தக் குகைக்கு வெளியே எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

இந்த விளையாட்டுகளை நான் ஒரே ஒரு கேள்வியால் பார்ப்பேன். இது எதற்குக் கணக்கு வைக்கிறது? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து வந்தது. அதனால் எத்தனை அடி தாங்குவாய், எத்தனை அடி கொடுப்பாய் என்று எண்ணியது. முதல் பதிப்பில், குகையிலிருந்து கொண்டுவரும் தங்கம் அப்படியே பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளிகளாக மாறும். பிறகு ஆடுபவர்கள் தங்கத்தைத் தேடிப் போகாமல் வேறெங்கே போவார்கள்? அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் விதிகள் வேறொன்றை எண்ணத் தொடங்கினால் மேசையில் பிறக்கும் கதையே வேறாகிவிடுகிறது.

சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுல்ஹு’ மனத்தெளிவை எண்ணுகிறது. எச்.பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளின் உலகம் அது. பெரும்பாலும் 1920களில் நடக்கும். உங்கள் பாத்திரம் ஒரு பேராசிரியராகவோ பத்திரிகையாளராகவோ மருத்துவராகவோ இருக்கும். பூதத்தோடு சண்டை போட்டால் சாவுதான். அதனால் பழைய கடிதங்களைப் படிப்பீர்கள், நூலகத்தில் தேடுவீர்கள், சாட்சிகளிடம் பேசுவீர்கள். இதில் ஒரு விதி எனக்கு எப்போதும் வியப்பு தருவது. மனிதன் அறியக்கூடாத அந்தப் பழைய உண்மைகளைப் பற்றிய அறிவுக்குத் தனியாகப் புள்ளிகள் உண்டு; அது எவ்வளவு ஏறுகிறதோ, மனத்தெளிவின் உச்சவரம்பு அவ்வளவு இறங்கும். தெரிந்துகொள்ளாமல் ஊரைக் காப்பாற்ற முடியாது, தெரிந்துகொண்டால் பழைய ஆளாக வீடு திரும்ப முடியாது. ஒரு துன்பியல் நாடகத்தையே கூட்டல் கழித்தலுக்குள் வைத்துவிட்டார் பீட்டர்சன். ஜப்பானில் இந்த விளையாட்டுக்கு இருக்கும் வரவேற்பு மிகப் பெரியது.

கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் உருவாக்கிய ‘பென்டிராகன்’ இன்னும் துணிச்சலானது. ஆர்தர் மன்னரின் வீரர்களாக ஆட வேண்டும். பாத்திரத்தின் விவரத் தாளில் உடல்வலிமை, வாள்வித்தை எல்லாம் இருக்கும். அவற்றோடு 13 ஜோடிக் குணங்களும் இருக்கும்: இரக்கம்–கொடூரம், அடக்கம்–செருக்கு, நம்பிக்கை–சந்தேகம், ஈகை–சுயநலம் என்று. ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகை எப்போதும் 20. இரக்கம் 16 என்றால் கொடூரம் 4. தோற்ற எதிரி காலில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான், அவன் உங்கள் அப்பாவைக் கொன்றவன் என்று வையுங்கள். குணம் அந்த அளவுக்கு ஓங்கியிருந்தால், கதை நடத்துபவர் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்வார். நீங்கள் பழிவாங்கத் துடித்தாலும், அந்த வீரன் இத்தனை காலம் வாழ்ந்த வாழ்க்கை அவன் கையைத் தடுக்கலாம். நம் விருப்பத்தைவிட நாம் வளர்த்த குணம் வலியதாகிவிடுவதை இவ்வளவு நேராக உணர்த்தும் விளையாட்டு வேறொன்றை நான் அறியேன்.

பென்டிராகனில் காலமும் ஓடும். பொதுவாக ஒரு சாகசத்துக்கு ஓர் ஆண்டு. சாகசம் முடிந்ததும் குளிர்காலம்: விளைச்சல் எப்படி, கல்யாணம் ஆயிற்றா, குழந்தை பிழைத்ததா, மூப்பு எதைக் கொண்டுபோனது எல்லாவற்றுக்கும் பகடை. வீரன் மாண்டால் அவன் வாரிசாக ஆட்டம் தொடரும். 2006இல் வந்த இதன் பெருங்கதைத் தொகுப்பு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் விரிகிறது. பேரனாக ஆடும்போது, தாத்தாவாக நாம் போட்ட சண்டையின் பலனை நாமே அனுபவிப்போம். ஸ்டாஃபோர்ட் 2018இல் மறைந்தார். இதைவிட உயர்ந்த ஒன்றை இந்தத் துறையில் யாரும் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

மார்க் மில்லரின் ‘டிராவலர்’ (1977) விண்வெளிக் கதை. பாத்திரத்தை உருவாக்குவதே அதில் ஓர் ஆட்டம். நாலு நாலு ஆண்டுகளாகப் பணிக்காலம் கழியும், ஒவ்வொன்றிலும் பிழைத்தீர்களா என்று பகடை போட வேண்டும். மூலப் பதிப்பில், கதை தொடங்கும் முன்பே உங்கள் ஆள் செத்துப்போகலாம். குழந்தைகளோடு ஆடுவதற்கு நான் கைகாட்டுவது ஜப்பானிலிருந்து வந்த ‘ரியூதமா’. அட்சுஹிரோ ஒகாடா எழுதி 2007இல் வெளியானது. அதில் நாயகர்கள் விவசாயி, வியாபாரி, வைத்தியர், பாட்டுக்காரர் போன்ற சாதாரண மனிதர்கள். வாழ்க்கையில் ஒருமுறையாவது நெடும்பயணம் போவது அந்த உலகத்து வழக்கம். காலையில் எழுந்ததும் இன்றைக்கு உடம்பு எப்படி என்று பகடை போடுவார்கள். மழையா, மலைப்பாதையா, வழி தவறியதா, ராத்திரி தங்க நல்ல இடம் கிடைத்ததா என்பதுதான் கணக்கு. மழையில் நனைந்து ஊர் போய்ச் சேர்வதே இங்கே வீரச்செயல்.

சிலவற்றுக்குப் பகடையே வேண்டாம். ‘டிரெட்’ என்ற திகில் விளையாட்டில் (2005) மேசை நடுவே ஜெங்கா மரக்கட்டைக் கோபுரம் நிற்கும். ஆபத்தான காரியம் செய்ய ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் சரித்தவரின் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும். பயத்தைச் சொற்களால் வர்ணிக்க வேண்டியதே இல்லை, விரல் நடுக்கம் போதும். இதில் ஓர் உன்னதமான விதி உண்டு: தெரிந்தே கோபுரத்தைத் தள்ளிவிடலாம். உங்கள் ஆள் இறப்பார், ஆனால் செய்ய நினைத்த காரியம் நிச்சயம் நிறைவேறும். ஒருவர் எழுந்து நின்று கையை நீட்டும்போது மேசையில் யாரும் பேசுவதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது ‘தி கொயட் இயர்’. ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்டது. கதை நடத்துபவர் கிடையாது, ஆளுக்கொரு பாத்திரமும் கிடையாது. நாகரிகம் குலைந்து, நீண்ட போரும் ஓய்ந்த பிறகு, பிழைத்திருக்கும் ஒரு சிறு சமூகத்தின் ஓராண்டை எல்லோரும் சேர்ந்து ஒரே வரைபடத்தில் வரைய வேண்டும். ஒரு சீட்டுக்கட்டு, ஒரு வெள்ளைத் தாள், பென்சில், சில பகடைகள், இருபது சிறு வில்லைகள். அவ்வளவுதான் சாமான். ஆடுதன் வசந்தம், டைமன் கோடை, கிளாவர் இலையுதிர்காலம், இஸ்பேட் குளிர்காலம். ஒரு சீட்டு ஒரு வாரம். ஒவ்வொரு சீட்டும் ஒரு கேள்வி கேட்கும் அல்லது ஒரு சேதி கொண்டுவரும். கிணறு எங்கே, குழந்தைகள் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நீங்கள் தாளில் வரைந்துகொண்டே போவீர்கள்.

விவாதம் நடத்தலாம், ஆனால் ஒரு விவாதத்தில் ஒருவருக்கு ஒரே வாய்ப்பு, ஓரிரு வாக்கியம்தான். மறுத்துப் பேச இடமில்லை, முடிவும் எடுப்பதில்லை. பிறகு முறை வந்தவர் தன் இஷ்டத்துக்கு ஒரு வேலையைத் தொடங்கிவிடுவார். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்? வாயைத் திறக்காமல் ஒரு வில்லையை எடுத்து உங்கள் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அது மனத்தாங்கல் வில்லை. கல்யாண வீட்டில், “என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்று பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிடாமல் இருக்கும் பெரியப்பா மாதிரி, அது எல்லோர் கண்ணிலும் பட்டபடி அங்கேயே இருக்கும். பின்னால் சுயநலமாக ஒரு காரியம் செய்து அதைத் தீர்த்துக்கொள்ளலாம். அல்லது யாரோ செய்த நல்ல காரியம் உங்கள் மனசைத் தொட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மேசையில் யார் முன்னால் எத்தனை வில்லை சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த ஊரின் வரலாறு தெரியும்.

குளிர்காலச் சீட்டுகளுக்குள் எங்கோ இஸ்பேட் ராஜா ஒளிந்திருப்பார். அவர் எந்த வாரம் வருவார் என்று தெரியாது. வந்த கணமே ஆட்டம் முடிந்தது. பாதி கட்டிய பாலம் பாதியிலேயே நிற்கும்.

ஸ்டீஃபன் டூயியின் ‘டென் கேண்டில்ஸ்’ (2015) பெரியவர்களுக்கு மட்டும். பத்து மெழுகுவர்த்தி ஒளியில் ஆடுவது. கடைசிச் சுடர் அணையும்போது பாத்திரங்கள் எல்லோரும் இறந்துவிடுவார்கள் என்பது முதலிலேயே தெரியும். அதனால் எண்ணுவது உயிரை அல்ல, மிச்சமிருக்கும் வெளிச்சத்தை. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் குரலில் பதிவு செய்த செய்தியை, இருட்டில் அமர்ந்து கடைசியில் கேட்பார்கள்.

ஆட நினைப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள். நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேசையில் வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் பரப்பிய வழக்கம் இது. கதை யாருக்காவது வேதனை தரும் இடத்துக்குப் போனால் அவர் அட்டையைத் தொடுவார், உடனே அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. திகில் விளையாட்டுகளுக்கு இது அவசியம். இரண்டாவது, விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். ஒருவர் முன்கூட்டியே படித்து வந்து தமிழில் சொன்னால் போதும். அதற்குமேல் எல்லாம் பேச்சுதான், அதற்கு நம்மிடம் பஞ்சமில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ‘தி கொயட் இயர்’ விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டிலிருந்து நாலு பேர், மூன்று நாலு மணி நேரம். பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் உட்காரலாம். ஆடி முடித்ததும் நீங்கள் வரைந்த ஊரின் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். நல்லவற்றை இந்த இதழிலேயே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்